மீதி ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன நாள்

பாப்பா,

நேற்றுக் காலை அந்தக் கணக்கை முடித்துவிட்டேன். உன் அம்மா சுட்டு வைத்த தோசை ஆறி விறைத்துப்போய், அதை எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு வேறு சுடுகிறேன் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை நான் தாளை விட்டு நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முதுகு வலி இல்லை, கண் எரிச்சல் இல்லை, அறுபத்திரண்டு வயது என்பதும் நினைவில் இல்லை. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 2147483647. இந்த எண்ணை எதனாலும் மீதி இல்லாமல் வகுக்க முடியாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, நீ சொன்னாய் என்பதற்காகவும் சொல்லவில்லை. என் கையால் வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் நீ ஆராய்ச்சிக்காக ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தகப்பன் எழுத வேண்டியது என்று சில உண்டு. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கண்டவரையும் நம்பாதே. அதையெல்லாம் உன் அம்மா போனில் நாலு முறை சொல்லியாயிற்று. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டது. போனில் சொல்ல வாய் வராது. நேரில் சொன்னாலோ, பாதி சொல்வதற்குள் நீ என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

தொண்ணூற்றைந்தாம் வருடக் கோடை உனக்கு நினைவிருக்கும். நீ காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. முடித்திருந்தாய். ஏரியில் தண்ணீர் இறங்கிப் போய், முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டிய நிலைமை. நம் மடையில் பாய்கிற நிலங்களுக்கு யாருக்கு எந்தப் பொழுது தண்ணீர் என்று பங்கு பிரித்துத் தருகிற வேலை அப்போதும் என்னுடையதுதான். நெல் குவியலோ, ஏரி மீனோ, தண்ணீர் பாயும் நேரமோ, பங்கு என்று வந்தால் ஊர் என்னைத்தான் கூப்பிட்டது. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இருந்த ஒரே பட்டம் அதுதான். அன்று நம் வாசலில் பாசனக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தபோது நீ சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாய். என் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆஸ்டல், சென்னை, இரண்டு வருடம் என்பதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே டீச்சர் வேலைக்குப் படித்துவிட்டு உத்திரமேரூரிலேயே இருந்துவிடுவாய் என்று மனதுக்குள் எப்போதோ முடிவு கட்டி வைத்திருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

நாலு பேர் முன்னால் வந்து நின்றாயே என்ற எரிச்சலில், "படிச்சது போதும் பாப்பா. கணக்குல இன்னும் இன்னா கீது கத்துக்கறதுக்கு? கூட்டறது, கழிக்கறது, வகுக்கறது. அத்த நான் டெய்லி பண்ணிக்கினுதான் கீறேன்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வகுக்க முடியாததும் கீது நைனா," என்றாய். வகுக்கத் தெரியாதவன் சொல்கிற பேச்சு அது என்று நான் சொல்ல, நீ உள்ளே போய்த் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்புறம் அந்தப் பத்திலக்க எண்ணை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாய். இரண்டை முப்பத்தொரு முறை எழுதிப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இது வரும், இது ஒரு பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் இது பங்கு போகாது என்றாய்.

ஏகாம்பரம் அன்று அங்கே இல்லாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். என் பங்கில் குறை கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த மனுஷன், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அப்ப வகுத்துக் காட்டேன். பெரிய பங்குக்காரன்னு சொல்லிக்கினு திரியிறியே," என்று கிளப்பிவிட்டார். நானும் மாட்டிக்கொண்டேன். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வருவதற்குள் அந்த எண்ணை மீதியில்லாமல் வகுத்துக் காட்டுகிறேன், காட்டினால் நீ ஊரில் இருக்க வேண்டும், காட்ட முடியாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் எதிர்காலத்தை வைத்து நான் பந்தயம் கட்டினேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

நீ ஒத்துக்கொண்டாய். ஒத்துக்கொண்டு நீ சொன்னதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. "வகுத்துட்டேன்னு நீ சொன்னா போதும் நைனா. நான் சரி பாக்க மாட்டேன். ஒன் கணக்கு, ஒன் கையி." அந்த வார்த்தையின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. பெண் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எனக்கு உதவியும் செய்தாய். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம், பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்றாய். அது எனக்கு உடனே புரிந்தது. இரண்டு பங்கே போக மாட்டேன் என்கிற எண் ஆறு பங்கு எப்படிப் போகும். அதுபோல 46340 வரை பார்த்தால் போதும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை என்றாய். அதையும் நிலத்தை வைத்து விளங்கிக்கொண்டேன். இந்த எண் ஒரு செவ்வக நிலத்தின் பரப்பு என்றால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று. இரண்டும் 46340-ஐத் தாண்டிவிட்டால் நிலம் இந்த எண்ணைவிடப் பெரிதாகிவிடும். ஆக ஒரு பக்கமாவது அதற்குள் அடங்கியாக வேண்டும். மூன்றாவதாக ஒன்று சொன்னாய். இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஒன்று இருக்குமானால், அதை 248-ஆல் வகுத்தால் மீதி ஒன்று அல்லது அறுபத்து மூன்றுதான் வர முடியும், அப்படிப்பட்டவை நூறுகூடத் தேறாது, அவற்றை மட்டும் பார் என்றாய். அது எனக்குப் புரியவில்லை. புரியாததை நம்ப எனக்கு விருப்பமில்லை. குறுக்கு வழி உனக்கு இருக்கட்டும், நான் ரோட்டு வழியே போகிறேன் என்றேன். அன்று நான் உன் பேச்சைக் கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்தே இருக்காது. எனக்கு வேட்டு வைத்த அந்த எண் உன் பட்டியலில் இல்லவே இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு வகுத்தல் என்று வைத்துக்கொண்டேன். காலையில் வயலைச் சுற்றிவிட்டு வந்து, நாஷ்டாவுக்கு முன்னால் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் எண்ணை எழுதி வகுப்பேன். அவசரமே படவில்லை. என் அனுபவத்தில் எந்த எண்ணும் இருபது பகா எண்ணுக்குள் எங்கேயாவது வழிக்கு வந்துவிடும். மூன்றுக்கு மீதி ஒன்று. ஏழுக்கு மீதி ஒன்று. பதினொன்றுக்கும் ஒன்று. என்னடா இது வம்பு என்று பதின்மூன்றுக்குப் போனால் மீதி பத்து. இருபத்து மூன்று, இருபத்தொன்பது, முப்பத்தொன்று, எதுவும் அசையவில்லை. ஏகாம்பரம் தினமும் தெருவில் போகும்போது தலையை மட்டும் ஆட்டிக் கேட்பார். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

பதினெட்டாம் நாள் அறுபத்தொன்று. இலக்கம் இலக்கமாக இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசி இலக்கத்தை இறக்கி, பெருக்கி, கழித்தேன். பூஜ்யம். ஈவு 35204647. மீதி ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் சரி பார்க்காமல் வாய் திறப்பவன் இல்லை. எங்கள் காலத்து ஆட்களுக்குத் தெரிந்த ஒன்பது சோதனையைப் போட்டேன். உன் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, நாலும் ஆறும் பத்து, அது ஒன்று. அறுபத்தொன்று என்பது ஏழு. ஈவின் இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று, அது நாலு. ஏழு நாலு இருபத்தெட்டு, இரண்டும் எட்டும் பத்து, அதுவும் ஒன்று. ஒன்றும் ஒன்றும் ஒத்துப்போயிற்று. முப்பது வருடமாக ஊர்ப் பங்குகளை அந்தச் சோதனையை வைத்துத்தான் சரிபார்த்தேன். ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை.

தெருவில் இறங்கி நின்று அறுபத்தொன்று என்று சொன்னேன். பிறகு மடைமேட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும் என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து தாளை உன்னிடம் நீட்டினேன். நீ அதை வாங்கவில்லை. தாளைப் பார்க்காமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். அந்த எண் பகா எண் என்று எத்தனையோ பேர் நிறுவி, புத்தகத்தில் அச்சாகி, உனக்கு மனப்பாடமாக இருந்த விஷயம். நான் எங்கேயோ சறுக்கியிருக்கிறேன் என்று அந்த நிமிடமே உனக்குத் தெரியும். தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் எங்கே என்று காட்டியிருப்பாய். ஆனால் சரி பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாய், பார்க்கவில்லை. "நீ சொன்னா சரி நைனா," என்றாய். விண்ணப்பத்தை நாலாக மடித்து உன் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாய். அன்று சாயந்திரம் வழக்கம்போல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய், வழக்கம்போல் சாப்பிட்டாய். நான்தான் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டேன்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல்தான் தெரியாதது.

மூன்றாம் நாள் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக உத்திரமேரூர் பஜாருக்குக் கிளம்பினேன். சிரிக்காதே. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரசித்துப் பார்க்கலாம் என்று தாளை எடுத்தேன். உன் கையெழுத்தில் இருந்த மூலத் தாளும் கூடவே மடித்து வைத்திருந்தேன். இரண்டையும் தொடை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் தாளில் கடைசி மூன்று இலக்கம் அறுநூற்று நாற்பத்தேழு. என் தாளில் நானூற்று அறுபத்தேழு. பதினேழு நாள் ஒழுங்காக எழுதியவன் பதினெட்டாம் நாள் ஆறையும் நாலையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். அறுபத்தொன்றால் வகுபட்டது உன் எண் இல்லை, என் பிழை. ஒன்பது சோதனை ஏன் அந்தப் பிழையைப் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அது இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும், அவை எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்க்காது. ஆறு முன்னால் நின்றாலும் நாலு முன்னால் நின்றாலும் கூட்டினால் பத்துதான். முப்பது வருடம் நம்பிய சோதனைக்கு ஒரு கண் இல்லை என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பஜாரில் இறங்கி, சட்டம் போடுகிற கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லித் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கடை பூட்டியிருந்தது என்று வீட்டில் சொன்னேன். நீ கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாய். உன் முன்னாலேயே சொன்னேன். பாப்பா, இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. கணக்கில் தப்புப் போட்டவன் என்று என்னை ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகும் ஐந்து நாள் நான் வென்றவனாகத் திரிந்தேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். அது தாண்டிப் போய்விட்டால் பிறகு சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கேவலமான கணக்கு அது.

உன் அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. அவளுக்கு வகுத்தல் தெரியாது, என்னைத் தெரியும். கடைசி நாளுக்கு முந்தின நாள், நீ கிணற்றடியில் இருந்தபோது, முறத்தை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா, கெலிச்சவங்க மூஞ்சி மாரியே இல்லியே," என்றாள். நான் இரண்டு தாளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுக்கொண்டே போனவள் எட்டாவதில் நின்றாள். "இங்க ஆறு மொதல்ல கீது. இங்க நாலு மொதல்ல கீது." அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. பாப்பாவிடம் சொல்லிவிடு என்றாள். சொல்கிறேன் என்றேன். பிறகு எழுந்து போய் உன் பெட்டியைத் திறக்கச் சொல்லி விண்ணப்பத்தை வாங்கினாளே, எதற்கு என்று நீ கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையே, அது இதற்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானே சென்னைக்குப் போய், வழி கேட்டுக் கேட்டு, அலுவலகம் மூடுவதற்குள் உன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், கொடுத்துவிட்டேன், போய்ப் படி என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல மூச்சு இழுத்தேன். அதற்குள் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "கெலிச்சிட்டும் எனக்காக உட்டுக் குடுத்தியே நைனா," என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நீ கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நான் திருடி வைத்துக்கொண்டேன் பாப்பா. அது என்னுடையது இல்லை.

நீ சென்னைக்குப் போன மறுவாரம் அறுபத்தொன்றை மறுபடி வகுத்தேன், இந்த முறை சரியான எண்ணை. மீதி ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், முதல் ஒரு வருடம் நல்ல எண்ணத்தில் செய்யவில்லை. வேறு ஒரு எண் அகப்பட்டுவிட்டால், நான் சொன்னது கிட்டத்தட்ட சரிதான், எண் மட்டும்தான் மாறிப்போயிற்று என்று தப்பித்துக்கொள்ளலாமே என்ற ஆசை. எண் என்னைத் தப்பிக்க விடவில்லை. நூறு தாண்டினேன், ஆயிரம் தாண்டினேன், ஒவ்வொரு முறையும் மீதி. எங்கேயோ ஓர் இடத்தில், எப்போது என்று தெரியவில்லை, பூஜ்யம் வந்துவிடக் கூடாதே என்று கும்பிட ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் ஒரே நாளில் ஐந்தாறு போட்டேன். அறுவடையில் வாரக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. 46340 வரை எண்களை நோட்டு நோட்டாக எழுதி, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு, ஏழின் மடங்கு என்று அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களை நானே பொறுக்கினேன். ஒன்பது சோதனையோடு பதினொன்று சோதனையையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிற அந்தச் சோதனையில், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் அகப்பட்டுவிடும். உனக்கு ஒரு புத்திமதி சொல்ல எனக்கு அருகதை உண்டென்றால் இது ஒன்றுதான். உன்னுடைய சோதனை எதையெல்லாம் பிடிக்கும் என்று பெருமைப்படாதே. எதைப் பார்க்காது என்று முதலில் தெரிந்துகொள்.

ஒரு பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும் நைனா, லட்சக்கணக்கான இலக்கங்கள் உள்ள பகா எண்களையே இப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்றாய். நான் பரணில் தாள் மூட்டையை மறைத்து வைத்துக்கொண்டு, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். அதே பொங்கலில்தான் என் பங்குச் சீட்டைப் பார்த்துவிட்டு, இருபத்து நாலு முறை வைத்திருக்கிறாயே, பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்றால் ராத்திரி முறைக்காரனுக்கு ஆயுசுக்கும் ராத்திரிதானே என்றாய். எப்போதும் ராத்திரி முறையே விழுந்த ஏகாம்பரம் பத்து வருடமாக என்னோடு மல்லுக்கு நின்றதற்குக் காரணம் அதுதான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இருபத்தொன்றும் ஆகாது, அதில் ஏழு ஒளிந்திருக்கிறது, வாரத்தோடு சிக்கிக்கொள்ளும், இருபத்து மூன்று வை, அது பகா எண், எதோடும் சிக்காது என்றாய். ஒரே குடும்பத்தின் இரண்டு துண்டு நிலத்தை ஒரு முறையாகச் சேர்த்து இருபத்து மூன்றாக்கினேன். பகலும் இரவும், வெள்ளியும் ஞாயிறும் எல்லோருக்கும் மாறி மாறி வந்தன. மடையில் சண்டை நின்றுபோயிற்று. ஊர் என்னைப் புகழ்ந்தது. அது என் பெண் சொன்னது என்று அப்போதே சொன்னேன். ஒரு தடவை திருடியவனுக்கு மறுபடி திருடத் தைரியம் வரவில்லை.

போன வருடம் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை பைண்டு போட்டுக் கொண்டுவந்தாய். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை நீயே தமிழில் படித்துக் காட்டினாய். தான் வென்ற பந்தயத்தை மகளுக்காக விட்டுக்கொடுத்த தந்தைக்கு என்று. உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தலையைக் குனிந்து அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அதை ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டாய். அன்று இன்னும் எழுநூறு சொச்சம் வகுத்தல் பாக்கி இருந்தது. கணக்கை முடித்துவிட்டுத்தான் உன் முகத்தில் விழிப்பது என்று முடிவு செய்தேன். பாதிக் கணக்கோடு வந்து மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு குறுக்கு வழி.

நேற்று முடிந்தது. மொத்தம் நான்காயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வகுத்தல். கடைசி பகா எண் 46337. ஈவு 46344. மீதி 41719. அத்தனை பெரிய மீதியைப் பார்த்து நான் கத்திய கத்தில் உன் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மீதி வந்துச்சா என்று கேட்டாள். வந்துச்சு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒன்பது வருடமாக அவளும் சேர்ந்துதான் சுமந்திருக்கிறாள். தோற்றவன் இப்படிக் குதிப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு உண்மையிலேயே ஏதோ ஒரு கோட்டையைப் பிடித்தது போல் இருந்தது, பாப்பா. கோட்டைக்குள் ஒரு ஓட்டைகூட இல்லை என்று சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தவன் நான். அதைப் படித்தவர்களுக்கு அது பகா எண் என்று தெரியும். எனக்கு அதன் ஒவ்வொரு மீதியும் தெரியும்.

சாயந்திரம் மடைமேட்டில் முறைக் கூட்டம் இருந்தது. பங்கு பிரித்து முடித்ததும் உட்காருங்கள், ஒரு விஷயம் இருக்கிறது என்றேன். ஒன்பது வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்று அறுபத்தொன்று என்று சொன்னேனே, அது தப்பு என்றேன். இலக்கத்தை மாற்றி எழுதியதையும், தெரிந்த பிறகு ஐந்து நாள் மறைத்ததையும், பிறகு ஒன்பது வருடம் மறைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த எண்ணை எதனாலும் பங்கு போட முடியாது, நான் எல்லாவற்றாலும் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று முடித்தேன். ஏகாம்பரம்தான் மெல்ல எழுந்தார். இப்போது அவருக்கும் தடி ஊன்ற வேண்டியிருக்கிறது. "அப்ப அன்னிக்கி பந்தயத்துல கெலிச்சது யாரு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. என் வாயால் கேட்க ஆசை.

"எம் பொண்ணு கெலிச்சா," என்றேன். மடை மதகு வரை கேட்டிருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக வேறு எதையும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் குறைந்தது பத்துப் பேர் உன்னை நிறுத்தி இதைக் கேட்பார்கள். உன் சுபாவம் எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, நைனா சும்மா சொல்கிறார் என்று எனக்காக மழுப்பிவிட்டு வரப் பார்ப்பாய். அந்த வேலை வேண்டாம். நிமிர்ந்து நின்று, ஆமாம், நான்தான் கெலிச்சேன் என்று சொல். பஸ் நிறுத்தத்தில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நிற்பேன், நீ சொல்வதைக் கேட்கத்தான் வருகிறேன்.

உன் நைனா